ஒரே பெயரில் பல நோய்கள்: வட மாநிலங்களின் மூளைக்காய்ச்சலும் விடுபட்டுப்போன கணக்கும்

புதுதில்லி:

2024 நவம்பரில் தலைநகர் தில்லியின் மேற்குப் பகுதியில் வசிக்கும் ஒருவருக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இருப்பது ஆய்வகச் சோதனையில் உறுதியானது. ஒரே ஒருவர்தான். ஆயினும் அச்செய்தி நாளேடுகளில் முக்கிய இடம் பெற்றது. மாநகராட்சி கொசு ஒழிப்பில் இறங்கியது. இது தனித்த ஒரு நிகழ்வு, நோய்ப்பரவல் ஏதுமில்லை என்று மத்திய சுகாதாரத்துறை விளக்கம் அளித்தது. அரசு இயந்திரம் இவ்வளவு விரைவாக அசைந்ததைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், தில்லியிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் இருக்கும் கோரக்பூரில் இதே நோய் 1978இல் கொள்ளைநோயாகத் தலைகாட்டியபோது, அது தலைநகரின் கவனத்துக்கு வர 27 ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கிழக்கு உத்தரப்பிரதேசத்தின் சிற்றூர்களில் குழந்தைகள் இறந்துகொண்டுதான் இருந்தனர்.

அக்குழந்தைகள் எந்த நோயால் இறந்தனர் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. பொதுமக்கள் மூளைக்காய்ச்சல் என்கின்றனர். அரசின் ஏடுகளில் ஏ.இ.எஸ். என்ற மூன்றெழுத்து இருக்கிறது. அந்த மூன்றெழுத்துக்குள் குறைந்தபட்சம் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன. ஒன்றுக்குத் தடுப்பூசி வேண்டும். மற்றொன்றுக்குச் சில ரூபாய் விலையுள்ள மாத்திரை போதும். இன்னொன்றுக்கு இரவு உணவும் ஒரு பாட்டில் குளுக்கோஸும்தான் மருந்து. எது எதுவெனப் பிரித்தறியத் தவறியதற்கான விலையை ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் கொடுத்திருக்கின்றனர்.

வேலூரில் தொடங்கியது

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது வடக்கில் அல்ல. 1955இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் பகுதியில்தான் இந்நோய் அடையாளம் காணப்பட்டது. 1973இல் மேற்கு வங்கத்தின் பர்த்வான், பாங்குரா மாவட்டங்களில் முதல் பெரும் பரவல் நிகழ்ந்தது. ஐந்தாண்டுகள் கழித்து அது இமயத்தின் அடிவாரத்தில் உள்ள தராய் சமவெளிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டது.

தங்குவதற்கான எல்லா வசதியும் அங்கு இருந்தது. நெல் வயல்களில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்களே இந்த வைரசைச் சுமப்பவை. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் வாழ்கிறது. குறிப்பாகப் பன்றியின் உடலில் அது பல மடங்கு பெருகுகிறது. பன்றிக்கு நோய் வெளிப்படையாகத் தெரிவதில்லை. கொசு பன்றியைக் கடித்துப் பின்னர் மனிதரைக் கடிக்கும்போது வைரஸ் மனித உடலுக்குள் வருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவதில்லை. வைரஸ் புகுந்தவர்களில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவருக்கே கடும் நோய் உண்டாகிறது. ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் குழந்தை. நோய் முற்றியவர்களில் பத்தில் மூவர் வரை இறக்கின்றனர்.

ராப்தி ஆற்றின் வெள்ளம் வடியாத வயல்கள், குடிசையை ஒட்டிய பன்றிப் பட்டிகள், கைக்கெட்டும் ஆழத்தில் அமைத்த அடிகுழாய்கள், மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று அமைந்த இந்தப் பகுதியில் கோரக்பூர் நகரின் பாபா ராகவ் தாஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுதான் பல மாவட்டங்களுக்குப் புகலிடமாக இருந்தது. பீகாரின் மேற்கு மாவட்டங்களிலிருந்தும், எல்லை தாண்டி நேபாளத்திலிருந்தும் வலிப்பு கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் அங்கே வந்தனர். ஒரே கட்டிலில் இரண்டு, மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டிய நிலை ஆண்டுதோறும் ஏற்பட்டது.

2005ஆம் ஆண்டின் பரவல்தான் நாட்டை உலுக்கியது. கிழக்கு உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 1,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். அப்போது இந்தியாவில் தயாரான தடுப்பூசி, கசௌலியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் சுண்டெலிகளின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒருவருக்கு மூன்று தவணை தேவை. உற்பத்தியோ மிகக் குறைவு. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு அதைக் கொண்டு பாதுகாப்பு அளிப்பது நடவாத காரியம். சீனா பல ஆண்டுகளாகத் தன் குழந்தைகளுக்குப் பயன்படுத்திவந்த ஒரே தவணைத் தடுப்பூசியை வாங்க மத்திய அரசு முடிவு செய்தது. 2006 கோடையில் நான்கு மாநிலங்களின் 11 மாவட்டங்களில் 1 முதல் 15 வயது வரையிலான 90 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு அது போடப்பட்டது. கர்நாடகத்தின் கோலார் பகுதியில் எடுக்கப்பட்ட வைரசைக் கொண்டு உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட தடுப்பூசி 2013இல் வந்தது. அதே ஆண்டு முதல் நோயுள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு இரு தவணை என்ற முறையும் நடைமுறைக்கு வந்தது.

1978இல் நோய் வந்தது; 2006இல் தடுப்பூசி வந்தது. சீனத் தடுப்பூசி இந்த இடைவெளியில் ஏற்கெனவே இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கோரக்பூரில் இறந்த குழந்தைகளின் பெற்றோர் பெரும்பாலும் நிலமற்ற கூலித் தொழிலாளர்கள், தலித்துகள், பிற்படுத்தப்பட்டோர், ஏழை இஸ்லாமியர். இந்த இடைவெளியின் நீளத்தைப் புரிந்துகொள்ள இதைக் காட்டிலும் வேறு விளக்கம் தேவைப்படாது.

தடுப்பூசி போட்டும் குறையாத மரணம்

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கு அடங்கியது. கோரக்பூர் மருத்துவமனைக்கு வரும் மூளைக்காய்ச்சல் நோயாளிகளில் அதன் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. ஆனால் மருத்துவமனையின் கட்டில்கள் காலியாகவில்லை. ஆகஸ்ட் பிறந்தால் அதே வலிப்பு, அதே மயக்கம், அதே மரணம். அப்படியானால் மிச்சமுள்ள ஒன்பது பங்கு எது?

ஏ.இ.எஸ். என்ற சொல் இங்கேதான் வந்து சேர்கிறது. திடீர்க் காய்ச்சலுடன் மனக்குழப்பமோ, நினைவிழப்போ, புதிதாகத் தோன்றிய வலிப்போ இருந்தால் அந்த நோயாளியைக் கடும் மூளையழற்சி அறிகுறித் தொகுப்பு என்று பதிவு செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இந்தியா 2006 முதல் அந்த வரையறையைக் கண்காணிப்புக்கு ஏற்றுக்கொண்டது. ஒரு நோயாளியையும் தவறவிடாமல் வலைக்குள் கொண்டுவருவதே அதன் நோக்கம். வலைக்குள் வந்தபின் ஒவ்வொருவருக்கும் என்ன நோய் என்று பிரித்தறிவது அடுத்த கட்டம். அந்த அடுத்த கட்டம்தான் நடக்கவில்லை. வலையின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. பல ஆண்டுகளாக நோயாளிகளில் பெரும் பகுதியினருக்கு எதிரே காரணம் தெரியவில்லை என்றே எழுதப்பட்டது.

முதலில் குடிநீர் வழியே பரவும் என்டெரோ வைரஸ்கள் மீது சந்தேகம் விழுந்தது. ஆழமில்லாத அடிகுழாய்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அந்த நீரைக் குடிக்காதீர் என்றனர். இதற்கென 2012இல் மத்திய அமைச்சரவை ஒரு தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. உத்தரப்பிரதேசம், பீகார், அசாம், மேற்கு வங்கம், தமிழ்நாடு ஆகிய ஐந்து மாநிலங்களின் 60 மாவட்டங்கள். சுகாதாரம், குடிநீர், மகளிர் மற்றும் குழந்தைகள் நலம் உள்ளிட்ட ஐந்து அமைச்சகங்கள். ஐந்தாண்டுகளுக்கு 4,000 கோடி ரூபாய்க்கும் மேல். காகிதத்தில் குறை காண இடமில்லாத திட்டம் அது.

உண்மையான திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமும் கோரக்பூர் நோயாளிகளின் குருதியை ஆராய்ந்தன. அறுபது விழுக்காட்டுக்கும் மேலானவர்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக்காய்ச்சல் இருந்தது தெரியவந்தது. இது வைரஸ் நோயே அன்று. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் உடலில் புகும் ஒரு பாக்டீரியாவே இதற்குக் காரணம். வயலில் விளையாடும் பிள்ளைகள், விறகு பொறுக்கச் செல்லும் பிள்ளைகள், கழிப்பறை இன்றிப் புதர்ப்பக்கம் ஒதுங்கும் பிள்ளைகள் ஆகியோரை இது தாக்குகிறது. விறகை வீட்டுக்குள் அடுக்கிவைத்திருக்கும் குடும்பங்களிலும் ஆபத்து அதிகம் என்று ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு உண்ணிக்காய்ச்சல் புதிதன்று. வேலூர் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் காரணம் விளங்காத காய்ச்சலுடன் வருவோரிடம் இதைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரு மருந்துகளும் இதற்கு நன்கு வேலை செய்கின்றன. எந்த மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைப்பவை அவை. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் கொடுத்துவிட்டால் நோய் மூளைவரை எட்டுவதே இல்லை. கோரக்பூர்ப் பகுதியில் காய்ச்சலுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் குழந்தைகளுக்கு இம்மருந்துகளை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்ற நடைமுறை இந்த ஆய்வுகளுக்குப் பிறகே வந்தது. அதுவரை வைரஸ் நோய், மருந்தில்லாத நோய் என்று கைவிரிக்கப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேர் இந்த மாத்திரையால் பிழைத்திருப்பர் என்று இனிக் கணக்கிட வழியில்லை.

2017 ஆகஸ்ட்

கோரக்பூரின் பெயரை உலகமே உச்சரித்த நாட்கள் அவை. ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு மருத்துவமனையில் ஆக்சிஜன் விநியோகம் தடைப்பட்டது. சப்ளை செய்த நிறுவனத்துக்கு அறுபது லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தது. 10, 11 ஆகிய இரு நாட்களில் மட்டும் 30 குழந்தைகள் இறந்தனர். 1998 முதல் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, மூளைக்காய்ச்சல் பற்றி மக்களவையில் பலமுறை பேசிய யோகி ஆதித்யநாத் அப்போது முதலமைச்சராகி ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. ஆக்சிஜன் பற்றாக்குறையால் எவரும் இறக்கவில்லை என்று மாநில அரசு மறுத்தது. முந்தைய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களிலும் இதே அளவில் குழந்தைகள் இறந்திருக்கின்றனர் என்று சுகாதார அமைச்சர் சித்தார்த்நாத் சிங் எண்களைக் காட்டினார். அந்த எண்கள் அரசைக் காப்பாற்றும் என்று நினைத்தது வியப்பே.

குழந்தை மருத்துவர் கஃபீல் கான் கைது செய்யப்பட்டு, எட்டு மாதங்களுக்குப் பின் 2018 ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஜாமீன் பெற்றதும், 2021இல் பணிநீக்கம் செய்யப்பட்டதும் பலமுறை எழுதப்பட்டவை. கவனிக்கப்படாமல் போன ஒன்று உண்டு. அந்த இரு நாட்களில் இறந்த 30 பேரில் பெரும்பாலோர் பிறந்து சில நாட்களேயான சிசுக்கள். மூளைக்காய்ச்சலுக்கென அனுமதிக்கப்பட்டவர்கள் ஐந்து பேர்தான். ஆனால் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அனைத்தையும் மூளைக்காய்ச்சல் மரணம் என்ற ஒரே கணக்கில் எழுதினர். எடை குறைந்து பிறந்த சிசுக்கள் ஏன் அத்தனை பேர் அங்கு வந்தனர், அவர்களது தாய்மார் என்ன உண்டனர், பிரசவம் எங்கு நடந்தது என்ற கேள்விகள் எழவே இல்லை. பழகிப்போன ஒரு பெயர், கேட்க வேண்டிய கேள்வியை இப்படியும் மறைத்துவிடும்.

முசாபர்பூரின் கோடை

கோரக்பூரில் மழையோடு நோய் வந்தால், பீகாரின் முசாபர்பூரில் அது கோடையோடு வருகிறது. மே, ஜூன் மாதங்களில் உச்சம் தொட்டு, மழை இறங்கியதும் நின்றுவிடுகிறது. இரவில் நன்றாக உறங்கச் சென்ற குழந்தைக்கு விடியற்காலையில் வலிப்பு வருகிறது; சில மணி நேரத்தில் நினைவிழந்து இறந்துவிடுகிறது. உள்ளூர் மக்கள் இதைச் சம்கி காய்ச்சல் என்கின்றனர். 1995 முதல் இப்படி நடந்துவந்தும் எந்த வைரசும் அகப்படவில்லை. வெப்ப வாதம் என்றனர் சிலர். பூச்சிக்கொல்லி என்றனர் சிலர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நீண்டகாலம் பணியாற்றிய வைரஸ் நோயியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், முசாபர்பூர் குழந்தை மருத்துவர் அருண் ஷா ஆகியோர் இதை வேறு விதமாகப் பார்த்தனர். மூளையில் அழற்சியே இல்லாதபோது இதை மூளைக்காய்ச்சல் என்று அழைப்பதே தவறு. இது மூளைக்கு எரிபொருள் கிடைக்காமல் போவதால் வரும் கேடு என்று அவர்கள் கூறினர். ஜமைக்கா நாட்டில் அக்கி என்ற பழத்தின் பக்குவமடையாத காயை உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிந்து மரணம் நேர்வதை மருத்துவ உலகம் அறியும். அக்கியும் லிச்சியும் ஒரே தாவரக் குடும்பம். முசாபர்பூரோ லிச்சிக்குப் பெயர்போன மாவட்டம். நோய் வருவதும் லிச்சி பழுக்கும் பருவத்தில்தான்.

இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இணைந்து 2014இல் நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. அந்த ஆண்டு மே 26 முதல் ஜூலை 17 வரை இரு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தனர். சோதிக்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு இரத்தச் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. லிச்சி உண்டிருப்பதும் முந்தைய இரவு உணவு உண்ணாதிருப்பதும் நோயோடு சேர்ந்து நின்றன.

இதன் பொறிமுறை எளிது, கொடியது. உறங்கும் நேரத்தில் உடல், கல்லீரலில் சேமித்த சர்க்கரையைக் கொண்டு மூளையை இயக்குகிறது. ஊட்டமுள்ள குழந்தைக்கு அந்தச் சேமிப்பு விடியும்வரை தாங்கும். பட்டினி கிடக்கும் குழந்தைக்கு நள்ளிரவிலேயே தீர்ந்துவிடும். அப்போது உடல் கொழுப்பை எரித்துச் சமாளிக்க முயல்கிறது. லிச்சியின் கொட்டையிலும் சதையிலும், குறிப்பாகக் காயில், உள்ள ஒரு நச்சுப்பொருள் அந்த மாற்று வழியையும் அடைத்துவிடுகிறது. மூளைக்கு இரு கதவுகளும் மூடப்படுகின்றன. பகலெல்லாம் தோட்டத்தில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கித் தின்றுவிட்டு, இரவில் சோறில்லாமல் உறங்கிவிடும் பிள்ளைக்கு இது நேர்கிறது. அதே லிச்சியை உண்ணும் தில்லி, கொல்கத்தா வீடுகளின் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

லிச்சி விவசாயிகள் இந்த முடிவை எதிர்த்தனர். தங்கள் பயிர் மீது வீண்பழி என்றனர். லிச்சியே தின்றிராத குழந்தைகளும் இறந்திருக்கின்றனர், கொடும் வெப்பமும் பட்டினியுமே முதன்மைக் காரணம் என்று வாதிடும் மருத்துவர்கள் இன்றும் உள்ளனர். வாதம் எப்படி முடிந்தாலும் இரு தரப்பும் பட்டினியில் வந்து சந்திக்கின்றன. செய்ய வேண்டியதும் ஒன்றே: இரவில் எந்தக் குழந்தையும் உண்ணாமல் உறங்கக் கூடாது, வலிப்புடன் வரும் குழந்தைக்கு முதலில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். மாவட்டத் தலைநகருக்கு அனுப்பிவைக்கும் மூன்று மணி நேரத்துக்குள் மூளை அழிந்துவிடும். எனவே இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்தாக வேண்டும்.

இந்த வழிமுறை எழுதப்பட்டுப் பின்பற்றப்பட்ட ஆண்டுகளில் மரணங்கள் சரிந்தன. பிறகு கவனம் சிதறியது. 2019 ஜூன் மாத வெப்ப அலையின்போது பீகாரில் 150க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளிடம் விளக்கம் கேட்டது. மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் முசாபர்பூரின் ஸ்ரீ கிருஷ்ணா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் வந்து, குழந்தைகளுக்கென 100 படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு அமைக்கப்படும் என்றார். 2014 கோடையிலும் அதே பதவியில் அதே மருத்துவமனைக்கு வந்து ஏறத்தாழ அதே உறுதியை அவர் அளித்திருந்தார். அப்பிரிவு 2020இல் திறக்கப்பட்டது.

இதே தவறு மேற்கு உத்தரப்பிரதேசத்திலும் நடந்தது. சகாரன்பூர், பிஜ்னோர் பக்கத்துக் குழந்தைகள் குளிர்காலத்தின் தொடக்கத்தில் மூளைக்காய்ச்சலால் இறப்பதாகப் பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. ஆவாரைக்கு உறவான, கசௌந்தி என்று அங்கே அழைக்கப்படும் களைச்செடியின் விதைகளைப் பச்சையாகத் தின்றதே காரணம் என்று ஜேக்கப் ஜானும் பிஜ்னோரின் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் கண்டறிந்தனர். அதற்குத் தேவைப்பட்டது செடியைப் பிடுங்குவது மட்டுமே. மாறாக, நாக்பூருக்கு அருகிலுள்ள சாந்திபுரா என்ற ஊரில் 1965இல் கண்டறியப்பட்ட வைரஸ் இன்றும் மருந்தோ தடுப்பூசியோ இன்றி நிற்கிறது. மண்சுவரின் வெடிப்புகளில் வாழும் மணல் ஈக்கள் அதைப் பரப்புகின்றன. 2003இல் ஆந்திரத்தில் 183 குழந்தைகளின் உயிரை அது குடித்தது. 2024இல் குஜராத்தில் மூளையழற்சி அறிகுறியுடன் வந்தோரில் 82 பேர் இறந்த பரவலிலும் அதன் கை இருந்தது உறுதியானது.

பிழைத்தவர்கள்

அரசின் வாராந்திர, வருடாந்திர அறிக்கைகளில் இரண்டு பத்திகள் உண்டு: நோயாளிகள், இறப்புகள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைக்கும் எண்ணைக் குணமடைந்தோர் என்று வாசகர் எடுத்துக்கொள்வது இயல்பு. உண்மை அப்படி இல்லை.

மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே மூளை வீங்கினால் விரிவதற்கு இடமில்லை. அழுத்தம் ஏறி, குருதி ஓட்டம் தடைப்பட்டு, செல்கள் மடிகின்றன. மடிந்த மூளைச்செல் மீண்டும் முளைப்பதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறிப்பாக மூளையின் அடியாழத்தில் உள்ள, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிகளைத் தாக்குகிறது. அதனால் பிழைத்த குழந்தையின் முகத்தில் உணர்ச்சி வெளிப்படாது; கைகால் விறைத்துக்கொள்ளும், அல்லது தாமாகவே முறுக்கிக்கொள்ளும். முதியவர்களின் பார்க்கின்சன் நோயை நினைவூட்டும் இந்தத் தோற்றம் ஆறு வயதுப் பிள்ளையிடம் தெரியும். உயிர் பிழைப்போரில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு வாதம், தீராத வலிப்பு, பேச்சிழப்பு, அறிவுக்குறைவு, நடத்தைக் கோளாறு போன்றவை நிலைத்துவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாதிப்பேர் வரை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. சர்க்கரை சரிந்து நெடுநேரம் கிடந்த குழந்தையின் நிலையும் வேறல்ல.

கண்ணுக்குத் தெரியும் ஊனம் ஒருபுறம். நன்றாக நடக்கிறான், ஆனால் படித்தது நினைவில் தங்குவதில்லை, காரணமின்றிச் சீறுகிறான், இரவில் உறங்குவதில்லை என்று சொல்லப்படும் பிள்ளைகள் மறுபுறம். மூளையின் முன்பகுதியோ பக்கப்பகுதியோ சேதமானால் இப்படி நேரும் என்பதை அந்தத் தாய்க்கு எடுத்துச்சொல்ல ஆள் இருப்பதில்லை. பேய் பிடித்தது என்று சாமியாடியிடம் அழைத்துச் செல்கின்றனர். பள்ளியில் அடி விழுகிறது. பின்னர் பள்ளியே நின்றுவிடுகிறது. வலிப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் ஒரு வேளைகூட விடாமல் கொடுக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் அது தீர்ந்துபோனால் வெளிக்கடையில் வாங்க வேண்டும். வாங்க இயலாத மாதத்தில் வலிப்பு திரும்பி, எஞ்சிய மூளையையும் சேதப்படுத்துகிறது. விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு வேளை உணவூட்ட ஒரு மணி நேரம் பிடிக்கிறது. ஆகவே தாய் கூலி வேலைக்குப் போவது நின்றுவிடுகிறது. பல வீடுகளில் மூத்த மகளின் படிப்பும் அதோடு நிற்கிறது.

மூளை சேதமான குழந்தைக்கு முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. மூட்டுகள் இறுகிப்போகாமல் இயக்கவும், பேச்சையும் விழுங்குதலையும் மீட்கவும் அப்போதுதான் பயிற்சி பலன் தரும். 2012 தேசியத் திட்டத்தில் உடலியக்க மறுவாழ்வுத் துறைகளை வலுப்படுத்துவதும் ஓர் அம்சமாக இருந்தது. ஐந்து அமைச்சகங்களில் ஒன்றாகச் சமூகநீதி அமைச்சகம் சேர்க்கப்பட்டதும் இதன் பொருட்டே. ஆனால் பயிற்சி மையம் நகரத்தில். குழந்தை இருப்பது அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூரில். விறைத்த உடலைப் பேருந்தில் சுமந்துகொண்டு வாரம் இருமுறை வர எந்தக் கூலித் தொழிலாளியால் முடியும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பெருமூளை வாதம் உண்டு, அறிவுசார் குறைபாடு உண்டு, பேச்சுக் குறைபாடு உண்டு; பார்க்கின்சன் நோய்கூடப் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளது. மூளைக்காய்ச்சலின் பின்விளைவு என்று தனி இனம் கிடையாது. ஆகவே குழந்தையின் கையையும் காலையும் பேச்சையும் தனித்தனியே அளந்து, 40 விழுக்காடு எட்டுகிறதா என்று மருத்துவக் குழு பார்க்கிறது. எட்டினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் ஓய்வூதியம். நினைவும் நடத்தையும் மட்டும் கெட்டுப்போன பிள்ளையை அளக்க உளவியல் வல்லுநர் வேண்டும். மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் அந்தப் பணியிடமே இல்லை.

கிழக்கு உத்தரப்பிரதேசத்தில் 2018 முதல் வீடுவீடாகச் சென்று விழிப்புணர்வூட்டும் தஸ்தக் இயக்கம் நடத்தப்பட்டு, சிகிச்சை வசதிகளும் கீழ்மட்டம் வரை விரிவாக்கப்பட்டன. மரணங்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதாக மாநில அரசு கூறிவருகிறது. சரிவு பெரியது என்பதில் ஐயமில்லை. தடுப்பூசிக்கும் டாக்சிசைக்ளினுக்கும் அதில் பெரும் பங்குண்டு. நோயாளிகளில் ஒரு பகுதியினர் வேறு காய்ச்சல் என்ற தலைப்பில் பதியப்படுவதாக உள்ளூர்ச் செய்தியாளர்கள் 2019இல் எழுதினர். 2021 டிசம்பரில் கோரக்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

2005இல் ஐந்து வயதில் நோய் கண்டு பிழைத்தவர்கள் இன்று இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். அவர்களது பெற்றோர் முதுமையை நெருங்குகின்றனர். குஷிநகர், தேவரியா, மகாராஜ்கஞ்ச், கோரக்பூர் மாவட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்த அறிக்கைகளில் மூன்றாவது பத்தி இன்றளவும் சேர்க்கப்படவில்லை.